அரசின் விதிமுறைகளும் தொழில்நுட்பப் புத்தாக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழில்நுட்பத்தைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும், சிறிது நேரத்தில் அது அரசின் கட்டுப்பாடுகளைப் பற்றிய வாக்குவாதமாக மாறிவிடுகிறது. மாணவர்கள், சிறு நிறுவனம் நடத்துவோர், மென்பொருள் எழுதுவோர், இவற்றில் எதிலும் சேராதவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்ப எழுப்பிய ஐயங்களை, அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் விடைகள் முன்னால் சொன்னவற்றைச் சார்ந்திருப்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

1. விதிகளை நாடாளுமன்றம்தானே போடுகிறது? இத்தனை ஆணையங்கள் எதற்கு?

பெரும்பாலான நாடுகளில் இந்த வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. சட்டமன்றம் நோக்கத்தை வகுக்கிறது: மருந்து பாதுகாப்பாக இருக்க வேண்டும், வானொலி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடக் கூடாது, விமானம் பறக்கத் தகுதியுள்ளதாக இருக்க வேண்டும். அந்த நோக்கம் நிறைவேறியதா என்பதை எந்தச் சோதனையால், எந்த அளவுகோலால் சரிபார்ப்பது என்பதை, வேதியியலாளரும் பொறியாளரும் பணியாற்றும் ஒரு துறையோ ஆணையமோ முடிவு செய்கிறது. சட்டத்தைத் திருத்த ஆண்டுகள் பிடிக்கும், ஆணையத்தின் விதியைத் திருத்த மாதங்கள் போதும் என்பது இதன் பின்னாலுள்ள கணக்கு. நடப்பில் அந்தக் கணக்கு அடிக்கடி பொய்த்துப்போகிறது.

தடை விதிப்பது மட்டுமே கட்டுப்பாடு என்று பலர் எண்ணுகிறார்கள். உரிமம் வழங்குவது, தரநிலை வகுப்பது, உறையின்மேல் தகவலை அச்சிட வைப்பது, அலைக்கற்றையை ஒதுக்குவது, தீங்கு நேர்ந்தால் யார் இழப்பீடு தருவது என்று தீர்மானிப்பது ஆகிய அனைத்தும் அதன் கருவிகளே. இவற்றில் தடைதான் மிக முரட்டுத்தனமானது; அதிகம் பேசப்படுவதும் அதுதான்.

2. நான் எந்தத் தொழிலும் நடத்தவில்லை. இதெல்லாம் என்னை எப்படிப் பாதிக்கும்?

கைபேசிக்கு மின்னேற்றும் கம்பியிலிருந்தே தொடங்கலாம். 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் புதிய கைபேசி, டேப்லெட், கேமரா போன்றவை யூஎஸ்பி-சி துளையுடன் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கெடுவுக்கு ஓராண்டுக்கு மேல் முன்னதாகவே, 2023 செப்டம்பரில் வெளியான ஐஃபோன் 15 அந்தத் துளைக்கு மாறிவிட்டது. ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி வடிவம் தயாரிப்பது கட்டுப்படியாகாது என்பதால், அந்தச் சட்டம் செல்லாத நாடுகளிலும் மக்கள் இப்போது அதே கம்பியைப் பயன்படுத்துகிறார்கள்.

எண்ணை மாற்றாமலே தொலைபேசி நிறுவனத்தை மாற்ற முடிவது, காரில் இருக்கைப் பட்டை இருப்பது, மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி இருப்பது ஆகியவையும் இப்படி வந்தவையே. இருக்கைப் பட்டையின் வரலாறு சற்றுச் சுவையானது. இன்றைய மும்முனைப் பட்டையை 1959-இல் வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நீல்ஸ் போலின் வடிவமைத்தார். மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று வால்வோ அதன் காப்புரிமையைத் திறந்துவிட்டது. அப்படியும் மக்கள் அதை அணியவில்லை. 1970-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் அணிவதைக் கட்டாயமாக்கியது. பிறகுதான் பிற இடங்களும் ஒவ்வொன்றாகப் பின்பற்றின. நல்ல கருவி ஒன்று கண்டுபிடிக்கப்படுவதும், அது வழக்கத்துக்கு வருவதும் வெவ்வேறு நிகழ்ச்சிகள்.

3. எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்க வேண்டுமென்றால், யார்தான் புதிதாக ஒன்றைச் செய்ய முன்வருவார்கள்?

இந்த அச்சத்துக்கு வரலாற்றில் ஆதாரம் உண்டு. பிரிட்டனில் 1865-இல் இயற்றப்பட்ட சட்டம், சாலையில் தானாக ஓடும் வண்டிகளின் வேகத்தை ஊருக்கு வெளியே மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல் என்று கட்டுப்படுத்தியது. போதாக்குறைக்கு, வண்டிக்கு 60 கஜம் முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடியுடன் நடந்து செல்ல வேண்டும் என்றும் விதித்தது. கனமான நீராவி இழுவை வண்டிகளையும் மிரளும் குதிரைகளையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்ட விதி அது. 1878-இல் கொடி விதி தளர்த்தப்பட்டாலும், வேக வரம்பு மணிக்கு 14 மைலாக உயர 1896 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றது 1886-இல்.

பிரிட்டனின் மோட்டார் தொழில் பின்தங்கியதற்கு இந்த ஒரு சட்டத்தையே காரணமாகக் காட்டுவது மிகையாகும். ஆனால் அந்த விதியில் இருந்த பிழை தெளிவானது. 'பிறருக்கு ஆபத்து விளைவிக்காதே' என்று சொல்லியிருக்க வேண்டிய இடத்தில், அது ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தை எப்படி ஓட்ட வேண்டும் என்று சொன்னது. அதனால் முற்றிலும் வேறான இன்னோர் இயந்திரம் வந்தபோது, அதுவும் அதே கூண்டில் மாட்டிக்கொண்டது.

4. அப்படியானால் கட்டுப்பாடு கண்டுபிடிப்பைக் கெடுக்கிறது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்களா?

சில கட்டுப்பாடுகள் கெடுத்தன. வேறு சில கண்டுபிடிப்பையே தூண்டின. அமெரிக்காவின் 1970-ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டம், 1975-இல் வரும் புதிய கார்களின் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் உமிழ்வுகள் 90 விழுக்காடு குறைய வேண்டும் என்றது. எந்தக் கருவியால் குறைப்பது என்று அது சொல்லவில்லை. இது நடக்காத காரியம் என்று பெரிய கார் நிறுவனங்கள் வாதிட்டன, கெடுவும் தள்ளிப்போடப்பட்டது. ஆனால் ஹோண்டா நிறுவனம் எரியறையின் வடிவத்தையே மாற்றி, புகையைப் பின்னால் சுத்திகரிக்கும் கருவி எதுவுமின்றி அந்த வரம்பை எட்டிக் காட்டியது. மற்றவை புகையிலுள்ள நச்சு வாயுக்களை வெளியேறும் வழியிலேயே மாற்றும் வினையூக்கி மாற்றிகளைப் பொருத்தின. ஈயம் கலந்த பெட்ரோல் அந்த மாற்றிகளைப் பாழாக்கிவிடும் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் பரவலாயிற்று. உலகில் கடைசி நாடாக அல்ஜீரியா 2021-இல் ஈயப் பெட்ரோல் விற்பனையை நிறுத்தியது.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலக்கும் முறையைக் கண்டறிந்த தாமஸ் மிட்ஜ்லிதான், பின்னர் குளிர்சாதனப் பெட்டிகளுக்காக சிஎஃப்சி வாயுவை உருவாக்கிய குழுவுக்கும் தலைமை தாங்கினார். இரண்டுமே தம் காலத்தில் கொண்டாடப்பட்ட புத்தாக்கங்கள். முதலாவது குழந்தைகளின் மூளையைப் பாதித்தது; இரண்டாவது ஓசோன் படலத்தை அரித்து, 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவாகக் காரணமாயிற்று. புத்தாக்கம் என்றாலே நன்மை என்று எடுத்துக்கொண்டு விவாதத்தைத் தொடங்குவோர் இவ்விரண்டையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

5. 'முடிவைச் சொல், வழியைச் சொல்லாதே' என்பதுதான் உங்கள் சூத்திரமா? எல்லா இடத்திலும் இது செல்லுமா?

பெரும்பாலும் செல்லும். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் பயணிகள் விமானங்களின் அதிரொலி மக்களைத் தொல்லைப்படுத்தும் என்று அஞ்சிய அமெரிக்கா, 1973-இல் நிலப்பரப்பின்மேல் அந்த வேகத்தையே தடை செய்தது. தொல்லை ஒலியில் இருந்தது. தடையோ வேகத்தின்மேல் விழுந்தது. ஒலியின் அளவுக்கு வரம்பு விதித்திருந்தால், சத்தமில்லாமல் வேகமாகப் பறக்கும் விமானத்தை வடிவமைக்க ஒரு தூண்டுதல் இருந்திருக்கும். 2025-இல்தான் அந்தத் தடையை நீக்கும்படி ஆணை பிறந்தது. இதற்கு நேரெதிராக, கலிஃபோர்னியா 1970-களில் குளிர்சாதனப் பெட்டிகளின் மின்செலவுக்கு வரம்பு விதித்துப் படிப்படியாக இறுக்கியது. பின்னர் அது நாடு முழுவதற்குமான தரநிலையாயிற்று. இன்றைய பெட்டி அன்றையதைவிடப் பெரியதாக இருந்தும், அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மின்சாரத்தையே செலவிடுகிறது.

ஆனால் முடிவை முன்கூட்டியே அளக்க முடியாத இடங்களில் வழியையும் எழுதியே தீர வேண்டும். நீராவிக் கொதிகலன் வெடிக்குமா என்பதை வெடித்த பிறகு அளந்து பயனில்லை. 1905-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டன் நகரக் காலணித் தொழிற்சாலையில் கொதிகலன் வெடித்து 58 பேர் இறந்த பின், அந்த மாநிலம் 1907-இல் கொதிகலன்களுக்கான சட்டத்தை இயற்றியது. 1914-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம், தகட்டின் தடிமன் முதல் இணைப்புகள் வரை கணக்கிட்டுச் சொல்லும் விதித்தொகுப்பை உருவாக்கியது. அதன் வழிவந்த பதிப்புகள் இன்றும் நடைமுறையில் உள்ளன.

முடிவை அளக்கும் விதிகளுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு: அளவீட்டையே ஏமாற்றலாம். வோக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் கார்களில் இருந்த மென்பொருள், சோதனை நடப்பதை உணர்ந்து அப்போது மட்டும் புகையைக் குறைத்தது 2015-இல் வெளிவந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 1.1 கோடி வண்டிகளில் அந்த மென்பொருள் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் மட்டும் அளந்த விதிக்குக் கிடைத்த பாடம் அது. பின்னர் ஐரோப்பாவில் சாலையில் ஓடும்போதே உமிழ்வை அளக்கும் சோதனை சேர்க்கப்பட்டது.

6. அரசு தலையிடாமல் ஒதுங்கி நின்றதால்தான் இணையமும் வைஃபையும் வளர்ந்தன என்கிறார்களே?

பாதி உண்மை. நுண்ணலை அடுப்பு போன்ற கருவிகளின் இரைச்சல் நிறைந்திருந்ததால் தொலைத்தொடர்புக்கு ஆகாதவை என்று கருதப்பட்ட சில அலைவரிசைகளை, அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1985-இல் உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்தது. வைஃபைக்கான முதல் தரநிலை 1997-இல் வெளிவந்தது அந்த வாசல் வழியேதான். ஆனால் அந்த அனுமதியே ஒரு விதிமுறை. எவ்வளவு ஆற்றலில் ஒலிபரப்பலாம், எந்த நுட்பத்தில் ஒலிபரப்பலாம் என்ற வரம்புகள் அதில் இருந்தன. அவை இல்லாமல் எல்லோரும் விரும்பிய ஆற்றலில் ஒலிபரப்பியிருந்தால், யாருக்கும் எதுவும் கேட்டிருக்காது.

தொலைபேசியின் கதையும் இதுவே. ஏகபோக நிறுவனமான ஏடி அண்ட் டி, தன் இணைப்பில் பிறர் தயாரித்த கருவியைப் பொருத்துவதை நெடுங்காலம் தடுத்துவந்தது. 1968-இல் கார்ட்டர்ஃபோன் என்ற கருவி தொடர்பான வழக்கில், வலையமைப்புக்குத் தீங்கு செய்யாத எந்தக் கருவியையும் பொருத்தலாம் என்று அதே ஆணையம் தீர்ப்பளித்தது. பதில்சொல்லும் கருவி, தொலைநகல், மோடம் ஆகியவற்றுக்குப் போட்டிச் சந்தை திறந்தது அதன் பிறகே. மோடம் இல்லாமல் வீடுகளுக்கு இணையம் வந்த விதத்தை எண்ணிப் பார்ப்பதும் கடினம். தனியார் போட்ட தடையை அரசின் விதி நீக்கிய நிகழ்ச்சி இது. ஒதுங்கி நிற்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

7. நல்ல மருந்து ஒன்று பத்தாண்டு கழித்து வருகிறது. அதற்குள் இறந்துபோனவர்களுக்கு யார் பொறுப்பு?

இந்தத் தொகுப்பிலேயே மிகக் கடினமான கேள்வி இது என்பது என் எண்ணம். முதலில், காலதாமதம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு மருந்தை நஞ்சான ஒரு கரைப்பானில் கலந்து விற்றதால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். விற்பனைக்கு முன் நச்சுத்தன்மையைச் சோதிக்க வேண்டும் என்ற விதி அப்போது இல்லை. அடுத்த ஆண்டே அது சட்டமாயிற்று. தாலிடோமைடு என்ற மாத்திரை 1950-களின் இறுதியில் பல நாடுகளில் கர்ப்பிணிகளின் குமட்டலுக்கு வழங்கப்பட்டு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் உறுப்புக் குறைபாடுகளுடன் பிறந்தன. அமெரிக்காவில் அதன் விண்ணப்பத்தை ஆராய்ந்த ஃபிரான்சஸ் கெல்சி, நிறுவனத்தின் நெருக்குதலைப் பொருட்படுத்தாமல் கூடுதல் சான்றுகளைக் கேட்டுக்கொண்டே இருந்ததால், அந்த நாடு பெருமளவு தப்பியது. மருந்து பாதுகாப்பானது என்பதோடு, பயன் தருகிறது என்பதையும் மெய்ப்பிக்க வேண்டும் என்ற விதி 1962-இல் வந்தது.

இந்த விதிகளுக்கு ஒரு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. கெட்ட மருந்துக்கு அனுமதி தந்த அதிகாரியின் பிழை செய்தித்தாளில் வரும். நல்ல மருந்தைத் தாமதப்படுத்திய அதிகாரியின் பிழை எங்கும் வராது, ஏனென்றால் அதனால் இறந்தவர்களுக்குத் தாம் எதனால் இறந்தோம் என்று தெரியாது. ஆகவே அமைப்பு இயல்பாகவே தாமதத்தின் பக்கம் சாய்கிறது. 1988-இல் எய்ட்ஸ் நோயாளிகளும் ஆதரவாளர்களும் அமெரிக்க மருந்து ஆணையத்தின் தலைமையகத்தை முற்றுகையிட்டது இந்தச் சாய்வை எதிர்த்தே. உயிருக்கு ஆபத்தான நோய்களுக்கு, இடைக்காலச் சான்றின்பேரில் விரைந்து அனுமதி தரும் முறை 1992-இல் நடைமுறைக்கு வந்தது.

கோவிட் தடுப்பூசிகள் ஓராண்டுக்குள் வந்ததை வைத்து, முந்தைய தாமதம் எல்லாமே வீண் என்று சிலர் வாதிடுகிறார்கள். அப்போது நடந்தது வேறு. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் சோதனைக் கட்டங்களை ஒரே நேரத்தில் நடத்தினார்கள். தரவு வரவர ஆணையங்கள் படித்தன. தோற்றுப்போகும் வாய்ப்புள்ள உற்பத்திக்கும் அரசுகள் முன்பணம் கொடுத்தன. பல்லாயிரம் பேரிடம் நடத்தும் சோதனை கைவிடப்படவில்லை. காகிதங்கள் காத்துக்கிடக்கும் நேரத்தைக் குறைக்கலாம், சான்றைக் குறைக்க முடியாது என்றே அதற்குப் பொருள் கொள்கிறேன்.

8. பெரிய நிறுவனங்களே 'எங்களுக்குக் கட்டுப்பாடு விதியுங்கள்' என்று கேட்கின்றனவே, ஏன்?

சில வேளைகளில் உண்மையான காரணம் இருக்கும்: ஐம்பது இடங்களில் ஐம்பது விதிகளுக்கு உட்படுவதைவிட ஒரே விதிக்கு உட்படுவது எளிது. ஆனால் விதிக்கு உட்படும் செலவு பெரும்பாலும் நிலையான செலவு என்பதையும் கவனிக்க வேண்டும். சட்ட வல்லுநர் குழு ஒன்றை வைத்திருப்பது மாபெரும் நிறுவனத்துக்குச் சில்லறைச் செலவு. பத்துப் பேர் நடத்தும் நிறுவனத்துக்கு அதுவே வாழ்வா சாவா என்ற நிலை. ஒழுங்குமுறை பெரும்பாலும் அந்தத் தொழிலாலேயே பெறப்பட்டு, அதன் நன்மைக்காகவே இயங்குகிறது என்று பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1971-இல் வாதிட்டார். அது எங்கும் பொருந்தும் என்று நான் கருதவில்லை; ஆனால் தொழிலின் முன்னணியில் இருப்பவர் புதிய உரிம முறை வேண்டும் என்று கேட்கும்போது, அந்த உரிமத்தின் விலையை யாரால் தாங்க முடியும் என்று பார்ப்பது நலம்.

9. ஆணையமே தொழில்துறையின் கைக்குள் போய்விட்டால்?

போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் விழுந்து 346 பேர் இறந்ததை அடுத்து, இந்தக் கேள்வி உலகெங்கும் எழுந்தது. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் தகுதிச் சான்றுப் பணியின் பெரும்பகுதியை நிறுவனத்தின் சொந்த ஊழியர்களிடமே ஒப்படைத்திருந்தது. இதை வெறும் ஊழல் என்று சுருக்கிவிட முடியாது. ஒரு விமானத்தின் மென்பொருளை முழுதும் அறிந்தவர்கள் அதை எழுதியவர்களே; அதே அறிவுள்ளவர்களை ஆணையம் வேலைக்கு வைக்க வேண்டுமானால், தொழில்துறைக்கு நிகரான ஊதியம் கொடுக்க வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்காத அரசு, தேர்வு எழுதியவரிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுத்த பள்ளியைப் போல ஆகிவிடுகிறது.

10. ஒவ்வோர் இணையதளத்திலும் 'குக்கிகளை ஏற்கிறீர்களா' என்று கேட்டு உயிரை எடுக்கிறார்கள். இதனால் யாருக்கு என்ன பயன்?

குக்கி என்பது நம்மை அடையாளம் காண இணையதளம் நம் கருவியில் சேமித்துவைக்கும் சிறு கோப்பு. ஒப்புதல் கேட்கும் அந்தப் பெட்டியால் பயன் குறைவுதான். 2009-இல் திருத்தப்பட்ட ஐரோப்பிய நெறிமுறை ஒன்று பயனரின் ஒப்புதலைக் கேட்கச் சொன்னது. 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, எது உண்மையான ஒப்புதல் என்பதைக் கடுமையாக்கியது. கண்காணிப்பைக் குறைப்பதற்குப் பதிலாக நிறுவனங்கள் கேள்வியைப் பெருக்கின. மறுக்கும் பொத்தானை ஒளித்துவைத்தன. சுமை மக்களின் தலையில் விழுந்தது. ஐந்தாம் விடையின்படி பார்த்தால், வழியை மட்டும் கட்டாயமாக்கி முடிவைக் கோட்டைவிட்ட விதி இது.

அதே ஒழுங்குமுறையின் கண்ணுக்குத் தெரியாத பகுதிகள் வலுவானவை. ஒரு நிறுவனம் நம்மைப் பற்றி வைத்திருக்கும் தரவின் படியைக் கேட்டுப் பெறலாம், உரிய நிலைகளில் அழிக்கச் சொல்லலாம். தரவுக் கசிவு தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். அபராதம் உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 4 விழுக்காடு வரை போகலாம்.

11. புதிய தொழில்நுட்பத்துக்கு எப்போது விதி எழுத வேண்டும்: வருவதற்கு முன்பா, வந்த பிறகா?

பிரிட்டிஷ் ஆய்வாளர் டேவிட் காலிங்ரிட்ஜ் 1980-இல் இந்தச் சிக்கலைத் தெளிவாக எடுத்துரைத்தார். தொடக்கத்தில் ஒரு தொழில்நுட்பத்தை மாற்றுவது எளிது, ஆனால் அதன் விளைவுகள் தெரியாது. விளைவுகள் தெரியவரும்போது அது வேரூன்றிவிட்டிருக்கும், மாற்றுவது கடினம். செயற்கை நுண்ணறிவில் இதைக் கண்முன்னே கண்டோம். ஐரோப்பிய ஒன்றியம் தன் வரைவுச் சட்டத்தை 2021 ஏப்ரலில் வெளியிட்டபோது, எதைப் பற்றியும் உரையாடும் செயலிகள் அதன் மையத்தில் இல்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. இத்தகைய செயலிகளுக்கு அடிப்படையான, பல வேலைகளுக்கும் பயன்படும் பொதுப்பயன் மாதிரிகளுக்கென்று தனி விதிகளைப் பாதி வழியில் சேர்க்க வேண்டியதாயிற்று. சட்டம் 2024 ஆகஸ்ட் 1-இல் நடைமுறைக்கு வந்து, கட்டம் கட்டமாகச் செயல்படத் தொடங்கியது.

நடுவழிகள் இருக்கின்றன. பிரிட்டனின் நிதி ஒழுங்குமுறை ஆணையம் 2016-இல் தொடங்கிய சோதனைக்களத்தில், புதிய நிதிச் சேவையைக் குறைந்த வாடிக்கையாளரிடம், குறிப்பிட்ட காலத்துக்கு, மேற்பார்வையின்கீழ் நடத்திப் பார்க்கலாம். இத்தனை ஆண்டுகளில் புதுப்பிக்கப்படாவிட்டால் தானே காலாவதியாகும் என்று விதிக்குள்ளேயே எழுதிவைப்பது இன்னொரு வழி. சிவப்புக் கொடி விதிக்கு அப்படி ஒரு தேதி இருந்திருக்கலாம்.

12. ஒரு நாடு கடுமையாக விதித்தால் தொழில் வேறு நாட்டுக்கு ஓடிவிடாதா?

விதி எதன்மேல் விழுகிறது என்பதைப் பொறுத்தது. தயாரிக்கும் முறையின்மேல் விழுந்தால் தொழிற்சாலை இடம்பெயரலாம்; கப்பல் நிறுவனங்கள் தளர்ந்த விதிகளுள்ள நாடுகளின் கொடியில் பதிவு செய்துகொள்வது இதற்குப் பழைய எடுத்துக்காட்டு. விற்கும் பொருளின்மேல் விழுந்தால் ஓட இடமில்லை, சந்தை அங்கேயே இருக்கிறது. பெரிய சந்தையின் விதி உலகுக்கே விதியாகிவிடும் என்பதை இரண்டாம் விடையில் பார்த்தோம். சிறிய நாடுகளுக்கு இந்த வலிமை இல்லை. பிறர் எழுதிய விதியின்படி வாழ்வதே பெரும்பாலும் அவற்றின் நிலை.

13. யூஎஸ்பி-சி வடிவத்தைச் சட்டமே கட்டாயமாக்குகிறது. நாளை அதைவிட நல்லது வந்தால்? உங்கள் ஐந்தாம் விடைக்கே இது முரணாக இல்லையா?

முரண்தான். 2009-இல் முன்னணிக் கைபேசி நிறுவனங்கள், ஐரோப்பிய ஆணையத்தின் தூண்டுதலால், மைக்ரோ-யூஎஸ்பி துளையை ஏற்கத் தாமாக உடன்பட்டன. அதை அப்போதே சட்டமாக்கியிருந்தால், 2014-இல் வெளியான யூஎஸ்பி-சி வழக்கத்துக்கு வருவதற்குள் இன்னும் சில ஆண்டுகள் கடந்திருக்கும். இந்தச் சட்டத்தின் எதிர்ப்பாளர்களுக்கு இதைவிட வலுவான வாதம் கிடையாது.

ஆனால் ஒரு துளையின் மதிப்பு அதன் வடிவத்தில் இல்லை, எல்லோரிடமும் அதே துளை இருப்பதில் இருக்கிறது. சாலையில் எந்தப் பக்கம் ஓட்டுவது என்பது போல, எது சிறந்தது என்பதைவிட எல்லோரும் ஒன்றையே பின்பற்றுவது முக்கியமாகும் இடங்களில் வழியைக் குறிப்பிடுவதைத் தவிர்க்க முடியாது. தொழில்நுட்பம் மாறும்போது, முழுச் சட்டத்தையும் மீண்டும் இயற்றாமலே குறிப்பிட்ட தரநிலையை ஆணையம் மாற்றலாம் என்ற பிரிவு அந்தச் சட்டத்திலேயே உண்டு. அந்தப் பிரிவை ஆணையம் உரிய நேரத்தில் பயன்படுத்துமா என்பதில்தான் எனக்கு ஐயம். இருக்கும் தரநிலைக்கேற்ப முதலீடு செய்தவர்கள் மாற்றத்தை விரும்ப மாட்டார்கள்.

14. வரைவு விதிகளைப் பற்றிச் சாதாரண ஆள் கருத்துச் சொன்னால் யாராவது படிக்கிறார்களா?

பல நாடுகளில் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்பது சட்டப்படியே கட்டாயம், அமெரிக்கா போன்ற இடங்களில் முக்கியமான கருத்துகளுக்கு ஆணையம் பதிலும் சொல்லியாக வேண்டும். அந்த வாசலை அடைக்க முயல்வோரும் உண்டு. 2017-இல் இணையச் சமநிலை, அதாவது இணைப்பு தரும் நிறுவனங்கள் எல்லா இணையதளங்களையும் பாரபட்சமின்றி நடத்த வேண்டும் என்ற கொள்கை பற்றி அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்துக்கு வந்த 2.2 கோடிக் கருத்துகளில் ஏறத்தாழ 1.8 கோடி போலியானவை என்று நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞரின் அலுவலகம் 2021-இல் கண்டறிந்தது.

ஆகவே எண்ணிக்கையால் எடை கூடுவதில்லை. 'இந்த விதி வேண்டாம்' என்ற ஒரே வரியைப் பல்லாயிரம் பேர் அனுப்புவதைவிட, எந்தப் பிரிவின் எந்தச் சொற்றொடர், எந்தக் கருவியை அல்லது எந்த மனிதரைத் தவறுதலாகத் தன் வரம்புக்குள் இழுக்கிறது, அதற்கு மாற்றாக என்ன எழுதலாம் என்று ஒருவர் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புவது பயனுள்ளது. கருவியை அன்றாடம் கையாள்பவருக்குத் தெரிவது, வரைவை எழுதியவருக்குப் பல வேளைகளில் தெரிவதில்லை.